தகுதி இருக்கிறது, அட்டை இல்லை

2007 பிப்ரவரி 25 அன்று, மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியைச் சேர்ந்த டியாமாண்டே டிரைவர் என்ற 12 வயதுச் சிறுவன் இறந்துபோனான். சொத்தைப் பல்லில் தொடங்கிய கிருமித்தொற்று மூளைவரை ஏறிவிட்டிருந்தது. இரண்டு முறை மூளையில் அறுவை சிகிச்சை, ஆறு வாரத்துக்கும் மேல் மருத்துவமனை வாசம். செலவு இரண்டரை லட்சம் டாலர். அந்தப் பல்லை ஆரம்பத்திலேயே பிடுங்கியிருந்தால் 80 டாலரோடு முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் குழந்தைகளின் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி எந்த மேடையில் பேசினாலும் இந்த 80 டாலர் கணக்கு வந்துவிடும். வர வேண்டியதுதான். ஆனால் அந்தச் செய்தியில் என்னை உறுத்துவது இன்னொரு விவரம். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது, இடையில் அறுந்துபோனது. புதுப்பிக்கச் சொல்லும் படிவம், அவர்கள் முன்பு தங்கி, பிறகு காலி செய்துவிட்டுப் போன வீடற்றோர் விடுதியின் முகவரிக்குப் போயிருக்கலாம் என்று அன்றைய செய்திகள் சொல்லின. காப்பீடு உயிரோடு இருந்த நாட்களிலும் நிலைமை சுலபமாக இல்லை. டியாமாண்டேயின் தம்பிக்கும் பல் சொத்தை. மெடிகெய்ட்டை ஏற்றுக்கொள்ளும் பல் மருத்துவர் ஒருவரைக் கண்டுபிடிக்க அந்தத் தாய் ஒரு வழக்கறிஞரின் உதவியோடு அலைந்துகொண்டிருந்தார்.

ஊரிலிருந்து அம்மா அலைபேசியில் கேட்பார்: "அவ்ளோ பணக்கார நாட்டுல சின்னப் புள்ளைங்களுக்குக்கூட ஆஸ்பத்திரி ஃப்ரீ இல்லையாப்பா?" எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு வாங்கி வரிசையில் நின்று என்னை வளர்த்தவர். "இருக்கும்மா, ஏறக்குறைய பாதிப் புள்ளைங்களுக்கு இருக்கு" என்றால் நம்பமாட்டார். உண்மை அதுதான். மெடிகெய்ட்டும், சிப் எனப்படும் குழந்தைகள் காப்பீட்டுத் திட்டமும் சேர்ந்து மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தாங்குகின்றன. இந்த நாட்டில் நடக்கும் பிரசவங்களில் ஐந்தில் இரண்டுக்கு மெடிகெய்ட்தான் பணம் கட்டுகிறது. இன்னொன்றைச் சொன்னால் அம்மா மட்டுமல்ல, இங்கேயே இருபது வருடம் இருந்தவர்களும் நம்புவதில்லை: காப்பீடு இல்லாத பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தத் திட்டங்களில் சேரத் தகுதி உள்ளவர்கள். சட்டம் அவர்களுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அப்படியும் வெளியே நிற்கிறார்கள்.

இது எப்படி நடந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆட்களை இழுக்க முதலாளிகள் சம்பளத்துக்குப் பதில் காப்பீட்டைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1954 வரிச் சட்டம் அதற்கு வரிவிலக்கை உறுதியாக்கியது. அன்றிலிருந்து அமெரிக்கப் பிள்ளையின் காய்ச்சல் மருந்து அப்பா அம்மாவின் வேலையில் தொங்குகிறது. 1965-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட மெடிகெய்ட், வேலை இல்லாத பரம ஏழைகளுக்கு, அதுவும் பெரும்பாலும் அரசின் உதவித்தொகை வாங்கும் குடும்பங்களுக்கு என்றுதான் தொடங்கியது. வேலை செய்கிறார்கள், ஆனால் முதலாளி காப்பீடு தருவதில்லை, உதவித்தொகை வாங்கும் அளவுக்கு ஏழையும் இல்லை என்ற குடும்பம் நடுவில் விழுந்தது. உணவகத்தில் தட்டு கழுவுகிறவர், கூரை வேய்கிறவர், வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்கிறவர் என்று எல்லோரும் இதில் வருவார்கள்.

1980-களில் கலிபோர்னியாவின் ஹென்றி வாக்ஸ்மன் என்ற காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர், யாரும் பெரிதாகக் கவனிக்காத பட்ஜெட் மசோதாக்களுக்குள் குழந்தைகளுக்கான விரிவாக்கத்தைத் துண்டு துண்டாக நுழைத்துக்கொண்டே இருந்தார். 1990-இல் வந்த துண்டு விசித்திரமானது: 1983 செப்டம்பர் 30-க்குப் பிறகு பிறந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை எல்லா மாநிலங்களும் 19 வயதுவரை சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரேயடியாகச் செலவு ஏறாமல் இருக்க இந்தத் தேதிக் கணக்கு. பல மாநிலங்களில் செப்டம்பரில் பிறந்த பிள்ளை வெளியே, அக்டோபரில் பிறந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை உள்ளே. நியாயமே இல்லாத கோடு. ஆனால் பொருளாதார ஆய்வாளர்களுக்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்காது. கோட்டின் இரண்டு பக்கமும் பிறந்தவர்களை அவர்களது 25-ஆவது வயதில் ஒப்பிட்டார்கள். கோட்டுக்கு உள்ளே விழுந்த கறுப்பின இளைஞர்கள் மருத்துவமனையில் சேர்வதும் அவசர சிகிச்சைக்கு ஓடுவதும் குறைவாக இருந்தன. சிறுவயதில் கொடுத்த காப்பீடு, அது முடிந்து பல வருடம் கழித்தும் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. 2020-இல் நேதனியல் ஹெண்ட்ரன், பென் ஸ்ப்ரங்-கீசர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்க அரசின் 133 கொள்கை மாற்றங்களை எடுத்துக் கணக்குப் போட்டபோதும், போட்ட பணத்துக்கு அதிகப் பலன் தந்தவை ஏழைக் குழந்தைகளின் உடல்நலத்துக்கும் படிப்புக்கும் செலவழித்தவையே. பிள்ளைகள் வளர்ந்து, வேலைக்குப் போய், வரி கட்டி அரசின் செலவில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

1994-இல் கிளிண்டனின் அனைவருக்குமான காப்பீட்டுத் திட்டம் குப்புற விழுந்தது. பெரியது நடக்காது என்று தெரிந்ததும் குழந்தைகளையாவது காப்பாற்றுவோம் என்று இறங்கினார்கள். மாசசூசெட்ஸின் டெட் கென்னடி, யூட்டாவின் ஓரின் ஹேட்ச் — ஒருவர் தாராளவாதிகளின் தலைமகன், இன்னொருவர் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பழமைவாதி. இந்த இரண்டு செனட்டர்களும் சேர்ந்து சிகரெட் வரியை ஏற்றிக் குழந்தைகளுக்குக் காப்பீடு என்றார்கள். 1997-இல் சிப் பிறந்தது. அப்போது காப்பீடு இல்லாத பிள்ளைகள் சுமார் ஒரு கோடி. சிகரெட் பிடிப்பவர் குறையக் குறைய வருமானமும் குறையுமே என்று யாரோ கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இன்றுவரை இல்லை என்றாலும் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. இலவசம் என்ற கூச்சம் மக்களுக்கு வரக்கூடாது என்று மாநிலங்கள் செல்லப்பெயர்கள் வைத்தன: ஜார்ஜியாவில் பீச்கேர், விஸ்கான்சினில் பேட்ஜர்கேர், கனெக்டிகட்டில் ஹஸ்கி. நல்ல எண்ணம்தான். ஆனால் பத்து வருடம் கழித்து சிப்பைக் காப்பாற்றச் சண்டை வந்தபோது, தங்கள் பிள்ளை இருப்பது சிப்பில்தான் என்பதே பல பெற்றோருக்குத் தெரியவில்லை.

அந்தச் சண்டை 2007-இல் வந்தது, டியாமாண்டே இறந்த அதே வருடம். திட்டத்துக்கு ஐந்து வருடத்தில் கூடுதலாக 3,500 கோடி டாலர் கொடுக்க இரு கட்சியினரும் சேர்ந்து மசோதா நிறைவேற்றினார்கள். ஜார்ஜ் புஷ் அக்டோபரில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை அதைத் தள்ளுபடி செய்தார். அமெரிக்காவில் எல்லோருக்கும் மருத்துவம் கிடைக்கத்தானே செய்கிறது, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் போதுமே என்று அதற்கு முன்பே கிளீவ்லாந்தில் பேசியிருந்தார். மூளைக்குத் தொற்று ஏறிய பிறகு அவசர சிகிச்சைப் பிரிவு உண்டு. பல்லைப் பிடுங்க அங்கே யாரும் இல்லை.

ஆனாலும் புஷ் தரப்பின் வாதத்தை நான் அப்படியே தள்ளிவிடமாட்டேன். அரசுத் திட்டத்தை நடுத்தர வருமானம்வரை விரித்தால், ஏற்கனவே தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிட்டு இதற்கு மாறுவார்கள் என்றார்கள். காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமும் இதை ஒப்புக்கொண்டது: சிப்பில் சேரும் ஒவ்வொரு 100 பிள்ளைக்கும் தனியார் காப்பீட்டில் 25 முதல் 50 பேர் குறைவார்கள் என்று மதிப்பிட்டது. சின்ன எண் இல்லை. என் பதில் ஒன்றுதான்: மாறுகிறவர்கள் ஏன் மாறுகிறார்கள்? சம்பளத்தில் பெரும் துண்டை விழுங்கி, அதன் பிறகும் முதல் சில ஆயிரம் டாலரை நீயே கட்டு என்று சொல்லும் காப்பீட்டிலிருந்து தப்பித்து வருகிறார்கள். அதைக் குற்றமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

அந்தச் சண்டையின் அசிங்கமான பகுதி வேறு. பால்டிமோரைச் சேர்ந்த ஒரு 12 வயதுச் சிறுவன், கார் விபத்தில் தானும் தங்கையும் படுகாயம் பட்டதையும் சிப் தங்களுக்கு உதவியதையும் ஜனநாயகக் கட்சியின் வானொலி உரையில் சொன்னான். மறுவாரமே இணையத்தில் ஒரு கூட்டம் அந்த வீட்டைத் துப்பறியக் கிளம்பியது. வீட்டின் மதிப்பு என்ன, பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளிக்கு யார் கட்டுகிறார்கள், சமையலறை மேடை கிரானைட்டா. ஒரு குடும்பம் எவ்வளவு ஏழையாக இருந்தால் உதவிக்கு லாயக்கு என்று தெருவில் நின்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. கலர் டிவிக்கு எதிராக ஊரில் எழுதப்பட்ட தலையங்கங்கள் நினைவிருக்கும்.

2009 பிப்ரவரி 4, பதவியேற்று மூன்றாவது வாரம், ஒபாமா அதே மசோதாவின் இன்னொரு வடிவத்தில் கையெழுத்திட்டார். சிகரெட் வரி பெட்டிக்கு ஒரு டாலர் ஒரு சென்ட் ஆனது. சிப்பில் பல் சிகிச்சை கட்டாயமானது. அந்த வாசகத்துக்குப் பின்னால் எந்தச் சிறுவன் இருக்கிறான் என்று காங்கிரஸில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம் வந்த பெரிய சீர்திருத்தச் சட்டம், ஒபாமாகேர், நோய் இருப்பதைக் காட்டிக் காப்பீட்டை மறுக்கக்கூடாது என்ற விதியைக் குழந்தைகளுக்குத்தான் முதலில் கொண்டுவந்தது, 2010 செப்டம்பரில். பெரியவர்கள் 2014 வரை காத்திருந்தார்கள். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் எந்த விதியிலும் எழுதப்படாதது. மாநிலங்கள் மெடிகெய்ட்டைப் பெரியவர்களுக்கு விரித்தபோது, தனக்காக விண்ணப்பிக்க வந்த அப்பா, பிள்ளைக்கு ஏற்கனவே தகுதி இருந்ததை அங்கேதான் தெரிந்துகொண்டார். அப்பா சேர, பிள்ளையும் சேர்ந்தது. 2016-இல் காப்பீடு இல்லாத பிள்ளைகளின் விகிதம் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதுவரை அவ்வளவு தாழ்ந்ததில்லை.

பிறகு ஏறியது. 2016-க்கும் 2019-க்கும் இடையில் காப்பீடு இல்லாத பிள்ளைகள் ஏழு லட்சத்துக்கும் மேல் கூடினார்கள். பொருளாதாரம் நன்றாக இருந்தது, வேலையின்மை ஐம்பது வருடத்தில் காணாத அளவுக்குக் குறைந்திருந்தது. ஒபாமாகேரை நீக்கும் மசோதாவும், குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் வாக்கெடுப்பில் கட்டைவிரலைக் கீழே காட்டியதில் 2017 ஜூலையில் செத்துப்போயிருந்தது. சட்டம் அப்படியே இருக்கப் பிள்ளைகள் எப்படி வெளியேறினார்கள்?

வழி நிறைய இருந்தது. அதே 2017 செப்டம்பர் 30-இல் சிப்புக்கான நிதி காலாவதியானது, காங்கிரஸ் அதைக் கவனிக்கவே 114 நாள் எடுத்துக்கொண்டது. கொலராடோ, அலபாமா போன்ற மாநிலங்கள் 'உங்கள் பிள்ளையின் காப்பீடு நின்றுபோகலாம்' என்று பெற்றோரை எச்சரிக்க வேண்டியதாயிற்று. இதில் வேடிக்கை, திட்டத்தைப் பத்து வருடம் நீட்டித்தால் அரசுக்கு 600 கோடி டாலர் மிச்சம் என்று பட்ஜெட் அலுவலகம் சொல்லியிருந்தது, ஏனென்றால் சிப் இல்லாவிட்டால் பிள்ளைகள் அதைவிடச் செலவு பிடிக்கும் காப்பீட்டுக்கு மானியம் வாங்கப் போவார்கள். மிச்சம் பிடிக்கும் திட்டத்தையே பேரம் பேசப் பணயமாக வைத்தார்கள். டென்னசியில், படிவம் திரும்ப வரவில்லை, தாமதமாக வந்தது, ஒரு பக்கம் விடுபட்டது என்ற காரணங்களால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சில வருடங்களில் பெயர் நீக்கப்பட்டார்கள் அல்லது நீக்கப்பட இருந்தார்கள் என்று அங்குள்ள நாளிதழ் 2019-இல் தோண்டி எடுத்தது.

இன்னொரு வழி, நம்மவர்களுக்கு நேரடியாகத் தெரிந்தது. குடியேறிகள் அரசு உதவியை வாங்கினால் அவர்களை 'அரசுக்குப் பாரம்' என்று கருதி க்ரீன் கார்டை மறுக்கலாம் என்ற விதியை டிரம்ப் அரசு 2019-இல் விரிவாக்கியது. அந்த விதியிலேயே 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் மெடிகெய்ட் கணக்கில் வராது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை வாங்கும் காப்பீடு பெற்றோர் கணக்கில் சேராது. யார் படித்தார்கள்? வாட்சாப் குழுக்களில் வந்தது ஒரே வரி: "எதையும் வாங்காதே." 2021-இல் அந்த விதி போன பிறகும் பயம் போகவில்லை.

2023 ஆரம்பத்தில் ஐ.டி. நிறுவனங்கள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக அனுப்பியபோது என் நண்பனுக்கும் வேலை போயிற்று. எச்-1பி விசா, அடுத்த வேலைக்கு 60 நாள் கெடு, ஈபி-2 என்ற வேலைவழி வரிசையில் க்ரீன் கார்டு எப்போது வரும் என்று பேரப்பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். மகளுக்கு ஆஸ்துமா, அவள் இங்கே பிறந்தவள், அமெரிக்கக் குடிமகள். பழைய நிறுவனத்தின் காப்பீட்டைக் கைக்காசு போட்டுத் தொடர்ந்தால் மாதம் இரண்டாயிரம் டாலருக்கு மேல். "பாப்பாவுக்கு சிப்புக்கு அப்ளை பண்ணுடா, வருமானம்தான் இல்லையே" என்றேன். "சும்மா இரு மச்சான், நாளைக்கு க்ரீன் கார்டு இன்டர்வியூல கேட்டான்னா?" என்றான். விதியை எடுத்துக் காட்டினேன். அவன் மனைவி, "விதி நல்லாத்தான் இருக்கு அண்ணா, அடுத்த தேர்தல்ல மாத்திட்டா?" என்றார். இரண்டு மாதத்துக்கான இன்ஹேலரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, மகளை ஓடாதே ஆடாதே என்று சொல்லிச் சொல்லி அந்தக் காலத்தைக் கடத்தினார்கள். இவன் படித்தவன், ஆங்கிலம் தெரிந்தவன், சேமிப்பு உள்ளவன். எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை படிவம் நிரப்ப உதவும் மேசையில் எப்போதாவது உட்காருகிறேன். அங்கே வரும் பெண்கள் பையிலிருந்து உறை பிரிக்காத கடிதங்களை எடுத்து வைப்பார்கள். அரசிலிருந்து வரும் கடிதம் என்றாலே கெட்ட செய்தி என்று பழகியவர்கள் அவர்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. 2020 மார்ச் முதல், மெடிகெய்ட்டில் இருக்கும் யாரையும் நீக்கக்கூடாது, பதிலுக்குக் கூடுதல் நிதி என்று மத்திய அரசு மாநிலங்களிடம் சொன்னது. படிவமே கிடையாது. மூன்று வருடம், காகிதம் இல்லாமல் ஒரு காப்பீட்டுத் திட்டம் எப்படி இருக்கும் என்று இந்த நாடு தன்னையறியாமல் பரிசோதித்துப் பார்த்தது. பிள்ளைகளின் காப்பீடு கூடியது.

2023 ஏப்ரலில் மறுபடியும் கடிதங்கள் கிளம்பின. அடுத்த ஒன்றரை வருடத்துக்குள் இரண்டரைக் கோடிப் பேர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேருக்குத் தகுதி இல்லை என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. படிவ நடைமுறை முடியவில்லை, அவ்வளவுதான். அதே 2023 செப்டம்பரில் இன்னொன்று வெளியே வந்தது. 30 மாநிலங்களின் கணினிகள் வீட்டில் ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியாகப் பார்க்காமல் குடும்பத்தை மொத்தமாகப் பார்த்திருந்தன. பிள்ளைக்கான வருமான வரம்பு எப்போதும் பெற்றோருக்கானதைவிட அதிகம். அம்மாவுக்குத் தகுதி இல்லாமல் போயிருக்கலாம், ஆனால் பிள்ளைக்கு இருக்கிறது. கணினி இருவரையும் சேர்த்துத் தள்ளியிருந்தது. சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் பிள்ளைகளை, திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் வெறும் நிர்வாகக் கோளாறு என்று நான் நம்பவில்லை. அடிக்கடி சரிபார்த்தால் தகுதியற்றவர்கள் வடிகட்டப்படுவார்கள் என்பது வெளியே சொல்லும் காரணம். தகுதியுள்ளவர்களும் சேர்ந்தே வடிகிறார்கள் என்பது எல்லா மாநிலத் தலைநகரங்களிலும் தெரியும். அதனால் பட்ஜெட்டில் மிச்சமாகிறது என்பதும் தெரியும். பிள்ளைகளுக்குக் காப்பீடு வேண்டாம் என்று சட்டமன்றத்தில் எழுந்து சொல்ல ஒரு அரசியல்வாதிக்கும் துணிவு கிடையாது. புதுப்பிக்கும் காலத்தைப் பாதியாக்கினால் சொல்லாமலே அது நடந்துவிடும். டெக்சாஸில் ஏறத்தாழ எட்டில் ஒரு பிள்ளைக்குக் காப்பீடு இல்லை, நாட்டிலேயே மோசம். அங்கே மெடிகெய்ட்டைப் பெரியவர்களுக்கு விரிக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு தாய் மாதம் சில நூறு டாலர் சம்பாதித்தாலே அவருக்குத் தகுதி போய்விடும். தனக்கு ஒன்றும் இல்லாத அலுவலகத்துக்கு அவர் எதற்குப் போகப் போகிறார்?

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய சட்டத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அதில் குழந்தைகளைப் பற்றிய வெட்டு நேரடியாக அதிகம் இல்லை. மெடிகெய்ட் விரிவாக்கத்தில் சேர்ந்த பெரியவர்கள் மாதம் 80 மணிநேரம் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். 13 வயது, அதற்குக் கீழே பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு விலக்கு. விரிவாக்கத்தில் சேர்ந்தவர்களின் தகுதியை வருடத்துக்கு ஒருமுறைக்குப் பதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பத்து வருடத்தில் ஒரு கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இழப்பார்கள் என்பது பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. விலக்கு உண்டே என்கிறார்கள். விலக்கு இருக்கிறது என்பதையும் ஒரு படிவத்தில்தான் நிரூபிக்க வேண்டிவரும். ஒபாமாகேரின்போது அப்பா சேர்ந்ததால் பிள்ளை சேர்ந்தது என்றேன். அந்தக் கதவு இரண்டு பக்கமும் திறக்கும்.

எதிர்த்திசையில் ஒரு முயற்சியும் நடந்தது. மெடிகெய்ட் உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு முதல் ஒரு வருடம் தானாகவே காப்பீடு உண்டு. 2024 ஜனவரி முதல், 19 வயதுக்குக் கீழ்ப்பட்ட எந்தப் பிள்ளையையும் ஒருமுறை சேர்த்தால் 12 மாதம் நீக்கக்கூடாது என்பது நாடு முழுக்கச் சட்டம். ஓரிகன் இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளைக்கு ஆறு வயதாகும்வரை படிவமே கேட்கமாட்டோம் என்று மத்திய அரசிடம் 2022-இல் அனுமதி வாங்கியது. வேறு சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2025 ஜூலையில் மத்திய அரசு, இந்த அனுமதிகளை இனி நீட்டிக்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது.

ஆகவே இப்போதைக்குக் காகிதத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அமெரிக்காவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு, குறிப்பாக வேலை ஆட்டம் காணும் வீடுகளுக்கு: நவம்பரில் வரும் காப்பீட்டுப் பதிவுக் காலத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கான மெடிகெய்ட்டிலும் சிப்பிலும் வருடம் முழுக்க எந்த நாளும் சேரலாம். உங்களுக்குத் தகுதி இல்லை என்று கடிதம் வந்தால் பிள்ளையின் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று தனியாகப் பாருங்கள். குடியேற்றப் பயம் இருந்தால் வாட்சாப்பைக் கேட்காமல் வழக்கறிஞரைக் கேளுங்கள். விதிகள் மாறக்கூடியவை, அன்றைய விதி என்ன என்பதை அவர் சொல்லட்டும். வீடு மாறினால் தபால் நிலையத்தில் முகவரி மாற்றிய கையோடு மாநில அலுவலகத்திலும் மாற்றுங்கள். பலர் முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை மறந்துவிடுகிறார்கள், புதுப்பிக்கும் கடிதம் கைக்கு வராமலே போகலாம்.